உப்புச் சுவர்

அக்டோபரில் தொடங்கும்.
முதலில் கணப்புக்குப் பின்னால் மாவு தூவியதுபோல் வெள்ளை,
பிறகு ஈரம், பிறகு
நாலு காலும் ஒரு வாலுமாய்
படுத்திருக்கும் கன்றுக்குட்டி.
நாங்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். சொல்ல மாட்டேன்.

தாலின் நகரம், நீளத்தெரு.
கூரை முகட்டில் பாரம் தூக்கும் உத்தரம்
இன்னும் நீட்டிக்கொண்டிருக்கும் வீடு.
எனக்குத் தெரிந்து அந்தக் கொக்கி தூக்கியது
அக்ராஃபேனாவின் பியானோவை மட்டும்,
அதுவும் இரண்டாம் மாடிவரை.

கட்டியவன் தீடெரிக் லோன்.
கம்பு கொடுத்து போர்த்துகல் உப்பு வாங்கியவன்.
தான் கீழே கதகதப்பில் தூங்கினான்,
உப்பை மேல்தளங்களில் தூங்க வைத்தான்.
உப்பு தூங்கவில்லை.
விற்றது போக மிச்சத்தை
வீடு வாங்கிக்கொண்டிருந்தது.
உப்பிட்டவனை உள்ளளவும் நினைக்க
சுண்ணாம்புக்கல் பழகிக்கொண்டது.

கொள்ளைநோய்க்குப் பிறகு லோன் வீட்டில்
ஒரு மருமகள் எஞ்சினாள்.
சுவீடன்காரச் சுங்க அதிகாரி அவளை மணந்தான், வீட்டையும்.
ஓக் பலகை அடித்து கறையை மறைத்தான்;
ஆணிகள் துருவேறி, பலகை ஒரு விருந்தின் நடுவே விழுந்தது.
ரஷ்யக் கடற்படைக் கணக்கர்
பச்சைப் பட்டு ஒட்டினார்.
கன்றுக்கு மேய்ச்சல் கிடைத்தது.
மருந்துக்கடை விதவை ஓட்டீலியே குன்ட்ஸ்
ஒன்றும் ஒட்டவில்லை,
முன்னால் ஒரு அலமாரியை நகர்த்தி வைத்தாள்.
அவள்தான் எல்லோரிலும் புத்திசாலி.

(இதெல்லாம் பத்திரங்களில் படித்தது.
கொஞ்சம் நானாகச் சேர்த்தது.)

முப்பதுகளில் ஆர்தூர் கீவிரந்த்,
தையல் மெஷின் வியாபாரி.
தெருப்பக்கம் பெரிய கண்ணாடி வைத்து
தவணையில் மெஷின் தந்தார்.
நாற்பத்தொன்று ஜூனில் ஒரு லாரி வந்தது.
தவணை பாக்கி வைத்திருந்தவர்களுக்கு லாபம் என்று
யாரோ சொன்னார்களாம்.
ஒருமுறைதான் சொன்னார்களாம்.
மனைவியும் மகனும் அன்று ஊரில் இல்லை.
பிறகு அவர்களுக்கு ஒரு மீன்படகு, பிறகு சுவீடன்.

பிறகு அரசாங்கம்.
அது ஒட்டுப்பலகை அடித்தது:
ஏழு குடும்பம், ஒரு சமையலறை,
வாசலில் ஏழு அழைப்புமணி.
டிராம் ஓட்டிய எனக்கு
பதினான்கு சதுர மீட்டரும் கன்றும்.
செய்தித்தாள் ஒட்டி, அதன்மேல் பூப்போட்ட காகிதம் ஒட்டினோம்.
மூன்று ஐந்தாண்டுத் திட்டங்கள்
அந்த ஈரத்தில் ஊறி உதிர்ந்தன.
கடைசியில் நானும் அலமாரியை நகர்த்தினேன்.

தொண்ணூற்று மூன்று.
நாடு திரும்பக் கிடைத்திருந்தது, ஆகவே வீடுகளும்.
கோதன்பர்க்கிலிருந்து ஊனோ கீவிரந்த் வந்தார்.
அறுபது வயது, நல்ல பூட்ஸ்,
நாற்பத்து நாலில் நின்றுபோன எங்கள் மொழி.
மாடிப்படியில் ஏழு குடும்பமும்
வாடகை பற்றிப் பேசத் தயாராய் நின்றோம்.
அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு என் அறைக்குள் வந்தார்.
"அது இருக்கிறதா?"

அலமாரியைத் தள்ள அவரே கைகொடுத்தார்.
மண்டியிட்டார், ஒரு சின்னப் பையனின் உயரத்துக்கு.
விரலால் சுவரைத் தேய்த்து
நாக்கில் வைத்துக்கொண்டு,
"மாசிக்," என்றார்.
எங்கள் ஊரில் பசுவுக்கு வைக்கும் பெயர்.
நாங்கள் வைத்தது அதுவல்ல.
ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

வசந்தத்தில் விற்றுவிட்டார், ஹெல்சின்கி நிறுவனம் ஒன்றுக்கு.
கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது.
காலிசெய்ய ஆறு மாதம்.
வழக்குப் போடலாம் என்றுதான் பத்திர நகல்கள் வாங்கினேன்;
வழக்கு நடக்கவில்லை, படிக்க நிறைய இருந்தது.

இப்போது அது ஹோட்டல்.
இத்தாலியப் பூச்சு, பதினைந்து வருஷ உத்தரவாதம்
என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.
போன அக்டோபரில் பஸ் பிடித்துப் போய்
வரவேற்பில் இருந்த பெண்ணிடம்
மூன்றாம் மாடி, முற்றத்துப் பக்க அறை
ஓர் இரவுக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"அதை மட்டும் கொடுப்பதில்லை," என்றாள்.
"பழுதுபார்க்கிறோம்."

எத்தனை நாளாக?

அவள் திரையைப் பார்த்தாள்.
"நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து."